பயிற்றுநரை மாற்றும் முன்

கழகத்தில் இனிப் பொறுப்பெடுக்கப் போகும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். ஐந்து பருவங்கள் செயலாளராக இருந்தேன். இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு என்னால் ஏலாது என்று சொல்லி விலகிக்கொண்டேன். கூட்ட அறிவித்தலில் 'ஓய்வுபெறும் செயலாளர்' என்று போட்டிருந்தார்கள். எனக்கு முப்பத்திரண்டு வயது. கணவர் அதை வாசித்துவிட்டு, "பென்சன் எப்பவாம் வரும்?" என்று கேட்டார்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்கு உதைபந்தாட்டம் தெரியாது. ஓஃப்சைட் என்றால் என்ன என்று பக்கத்தில் நிற்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் இன்றும் கண்டுபிடிக்கிறேன். யாழ்ப்பாணத்தில் பட்டப்படிப்பை முடித்துவிட்டுக் கல்யாணமாகிச் சிசிலியில் பலெர்மோவுக்கு வந்தவள், இத்தாலிய மொழியும் பரவாயில்லை, கடிதம் எழுதுவாள் என்றுதான் என்னைச் செயலாளராக்கினார்கள். ஆகவே எப்படி விளையாடுவது, யாரை எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் இதில் வராது. பயிற்றுநரை மாற்றுவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நான் வந்தபோது கழகத்தின் முக்கிய வேலை அதுவாகத்தான் இருந்தது.

ஒவ்வொரு ஓகஸ்டிலும் வடக்கு இத்தாலியில் தமிழர் சுற்றுப்போட்டி நடக்கும். பஸ் பிடித்துப் போவோம். முதல் சுற்றிலேயே ஒரு ஆட்டமும் வெல்லாமல் வெளியேறுவோம். திரும்பி வந்த அடுத்த ஞாயிறு பொதுக்கூட்டம். எல்லாருக்கும் அப்போதுதான் சூடு குறையாமல் இருக்கும். அந்தக் கூட்டத்தில் பயிற்றுநரைக் கூப்பிட்டு, பொன்னாடை போர்த்தி, அவரது சேவைக்கு நன்றி சொல்வோம். போகலாம் என்று அதற்குப் பொருள். நேரடியாக யாரும் சொல்ல மாட்டார்கள். நான் வந்த முதல் வருடம் பொன்னாடை வாங்கிக்கொண்டவர் முன்பும் ஒருமுறை பயிற்றுநராக இருந்தவர். "எனக்கு இது ரெண்டாவது. இனிச் சோடி சரி," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். எல்லாரும் சிரித்தோம். அவர் பிறகு மைதானப் பக்கம் வரவில்லை.

அடுத்து வந்தவர் ஒரு சிசிலிக்காரர். பயிற்றுநர் டிப்ளோமா உள்ளவர். அவரைக் கண்டுபிடித்தது எங்கள் தலைவர். பல்லரோச் சந்தைக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் தலைவரைத்தான் சொல்கிறேன். உங்களுக்கும் அவரோடுதான் காலம் போகப்போகிறது. "தங்கச்சி, இனி எங்கடை ஆக்கள் வேண்டாம். ப்ரொபெஷனல் ஆள். இந்த முறை கப் இஞ்சைதான்," என்றார்.

அந்த மனிதரில் ஒரு குறையும் இல்லை. நேரத்துக்கு வந்தார், மரியாதையாகப் பேசினார். பயிற்சி செவ்வாயும் வெள்ளியும் பின்னேரம் என்று வைத்தார். நானும் அதை வட்சப்பில் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்தேன். எங்கள் பெடியளில் பாதிப் பேர் படிக்கிறவர்கள், மற்றவர்கள் வீடுகளில் வேலை செய்கிறவர்கள். வீட்டு வேலைக்காரருக்கு இந்த ஊரில் ஓய்வு எப்போது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை: வியாழன் பின்னேரமும் ஞாயிறும். செவ்வாய்க்கிழமை வீட்டுக்காரி சிஞ்ஞோராவிடம் போய், எனக்குப் பந்து விளையாட்டு இருக்கிறது, உங்கள் அம்மாவைக் குளிக்க வார்க்க வேறு ஆளைப் பாருங்கள் என்று யார் சொல்வது?

ஒக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை மகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். ஒரேத்தோப் பக்கம் நாங்கள் வாடகைக்கு எடுக்கும் அதே மைதானம். அவர் பயிற்சிக்கான சிவப்புக் கூம்புகளை வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு நின்றார். விளையாட வந்தவர்கள் ஐந்து பேர். "சிஞ்ஞோரா, மற்றவர்கள் எங்கே?" என்று கேட்டார். வேலையில் என்றேன். "இவர்கள் எப்போது வேலையில் இல்லை?" வியாழக்கிழமை என்றேன். வியாழக்கிழமை அவருக்கு வேறொரு அணி இருந்தது. இதை முதலில் யாராவது கேட்டிருக்கலாம் என்று அவர் சொல்லவில்லை. நத்தார்ப் பண்டிகைக்கு முதல் கைகொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

பயிற்றுநரின் பெயரைத் தேடுவதற்கு முன் கிழமையைத் தேடுங்கள். என் ஐந்து வருடத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் எனக்கு இன்னும் சந்தேகம்.

அதன் பிறகு வந்தவரைத்தான் நாங்கள் எல்லாரும் கோச் என்று கூப்பிடுகிறோம். மன்னார் ஆள், வேதக்காரர், கத்தோலிக்கர். கால்சாவில் ஒரு பழைய பெரிய வீட்டில் வயதான வீட்டுக்காரர் ஒருவரை, ஒரு சிஞ்ஞோரேயை, பராமரிக்கிறார். வியாழன் பின்னேரம் அவருக்கும் ஓய்வு. ஊரில் பங்குக் கோயில் அணிக்கு விளையாடியவர். கேட்கப் போனபோது தலைவரும் நானும் இருந்தோம். ஒரு நிபந்தனை சொன்னார்.

"மூண்டு வருசம் தாங்கோ. முதல் வருசம் தோப்பம். ரெண்டாம் வருசமும் தோப்பம், ஆனால் ஏன் தோக்கிறம் எண்டு பெடியளுக்கு விளங்கும். மூண்டாம் வருசம் என்னட்டைக் கேள்வி கேளுங்கோ."

"ஓம் ஓம், அதுக்கென்ன," என்று தலைவர் கைகொடுத்தார்.

முதல் வருடம் சொன்னபடி தோற்றோம். அந்தக் கூட்டத்தில் பொன்னாடைப் பேச்சு வராமல் பார்த்துக்கொண்டேன். "மூண்டு வருசம் எண்டு கைகுடுத்தனீங்கள் அண்ணை," என்று தலைவருக்கு இரண்டு தரம் நினைவுபடுத்த வேண்டியிருந்தது. சிக்கல் இரண்டாம் வருடம் வந்தது.

கோல் காப்பாளனின் அம்மா ராணி அக்காவை உங்களுக்குத் தெரியும். அவர் சைவம், ஆனால் எங்களில் பலரைப் போலவே ஞாயிறு தோறும் மொந்தே பெல்லெக்ரினோ மலையேறி இந்த ஊரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவை, நாங்கள் மாதா என்றே கூப்பிடுவோம், கும்பிடாமல் இருக்கமாட்டார். சுற்றுப்போட்டிக்கு ஒரு கிழமை இருக்கும்போது, அணி முழுவதும் வெறுங்காலோடு மலையேறும் என்று அவர் ஒரு நேர்த்தி வைத்தார். மற்ற அம்மாமாரும் சேர்ந்துகொண்டார்கள். கோச்சும் அந்த மாதாவின் பக்தர்தான். அவருக்கு மறுக்க வாய் வரவில்லை, வேறு வழியால் வந்து பார்த்தார்.

"அக்கா, நேர்த்தி எண்டால் கேட்டது கிடைச்ச பிறகுதானே செலுத்திறது. போட்டி முடிய ஏறுவம்."

"எல்லாரும் கிடைச்ச பிறகு குடுப்பினம் தம்பி. நாங்கள் முன்னுக்கே குடுத்தால் மாதா எப்பிடி இல்லையெண்டு சொல்லுவா?"

"அது கடைக்காரனிட்டைச் செய்யிற வேலை அக்கா."

"மாதாட்டையும் செய்து பாப்பம்."

ஞாயிறு காலை இருட்டோடு தொடங்கி மேலே ஏறினோம். ஏறும்போது ஒரு பிரச்சினையும் இல்லை. கல் குளிர்ந்திருந்தது, பெடியள் பகிடி விட்டுக்கொண்டு போனார்கள். கோச்சும் செருப்பில்லாமல், யாரும் பின்தங்காமல் பார்த்துக்கொண்டு கடைசியாக வந்தார். இறங்கும்போதுதான் அம்மாமார் சிலர், கல்லுப் பாதையால் இறங்கினால் பெடியளுக்கு முழங்கால் நோகும், தார் றோட்டால் போவோம் என்றார்கள். ஓகஸ்ட் மாதம், வெயில் ஏறிவிட்டது. பாதி வழியில் எல்லாரும் றோட்டோரப் புல்லைத் தேடி ஓடத் தொடங்கினார்கள். நான் மகளைத் தூக்கிக்கொண்டு செருப்போடு நடந்தேன். பிள்ளைக்காரிக்கு விலக்கு என்று ராணி அக்காவே சொல்லியிருந்தார். அடுத்த நாள் உள்ளங்கால் கொப்பளங்களின் படங்கள் வட்சப்பில் வரத் தொடங்கின. அம்மாமார் ஆளாளுக்கு மருந்து சொன்னார்கள். ஒருவரும் நேர்த்தியைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை.

அந்தக் கால்களோடு வடக்கே போனோம். முதல் ஆட்டத்தில் ஐந்துக்குப் பூச்சியம் என்று தோற்றோம். எதிரணியில் இரண்டு கோல் போட்டவன் சுதன். அவன் ஒரேத்தோவில் வளர்ந்து எங்களோடு விளையாடியவன். கோச்சின் முதல் வருடத்து அணியில் இருந்தான். தகப்பனுக்கு வடக்கே தொழிற்சாலையில் வேலை கிடைத்து குடும்பமாகப் போய்விட்டார்கள். அவன் முதல் கோல் போட்டதும் எங்கள் அப்பாமார் கைதட்டினார்கள். "பாத்தியளோ, எங்கடை பெடியன்," என்று தலைவர் பக்கத்தில் நின்ற வேற்றூர்க்காரருக்குச் சொன்னார். ஐந்தாவது கோல் விழுந்த பிறகு அதே தலைவர் என்னிடம் வந்து, "தங்கச்சி, கூட்டத்துக்கு அறிவித்தல் போடுங்கோ. பொன்னாடை ஒண்டும் எடுக்க வேணும்," என்றார்.

மூன்று வருடம் என்று கைகொடுத்த கதையைச் சொன்னேன்.

"அது தோக்கிறதுக்குக் குடுத்த கை. அஞ்சு வாங்கிறதுக்குக் குடுக்கேல்லை."

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு ஒரே யோசனை. மகள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். என்னிடம் ஒரு காரணம் இருந்தது, நல்ல காரணம். பெடியள் கொப்பளத்தோடு விளையாடினார்கள், அதைக் கோச் போட்டிக்கு முன் வேண்டாமென்று சொன்னார். எழுந்து நின்று அதைச் சொன்னால் போதும். ஆனால் சொன்னால் அது ராணி அக்காவைக் குற்றம் சொல்வதாகும். அதைவிடப் பெரிய பயமும் இருந்தது. அதைக் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. நேர்த்தியைக் குறை சொல்லப்போய் நாளைக்கு மகளுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது? படித்தவள் இப்படி யோசிக்கலாமா என்று நீங்கள் கேட்கலாம். பிள்ளை பெற்ற பிறகு கேளுங்கள்.

கடைசியில் சொல்வதென்று முடிவெடுத்தேன். கோச்சுக்கு முதலே சொல்வது முறை என்று புதன்கிழமை கால்சாப் பக்கம் போனேன். அவர் சிஞ்ஞோரேயைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கடற்கரைப் புல்வெளியால் தள்ளிக்கொண்டு வந்தார்.

"ஞாயிற்றுக்கிழமை கூட்டத்திலை காலைப் பற்றிச் சொல்லப் போறன் அண்ணை," என்றேன்.

"என்ன காலை?"

"பெடியளின்ரை கால். கொப்பளம். நீங்கள் வேண்டாமெண்டு சொன்னதும்."

அவர் நாற்காலியின் பிரேக்கைப் போட்டார். "கொப்பளம் இல்லாட்டி எத்தினை கோல் விழுந்திருக்கும் எண்டு நினைக்கிறியள்?"

"எனக்கென்ன தெரியும்."

"மூண்டு. எல்லாரும் நல்லா விளையாடியிருந்தால் ரெண்டு. வெண்டிருக்க மாட்டம்."

"அதை நான் சொல்லத் தேவையில்லைத்தானே. கொப்பளத்தைச் சொன்னால் உங்களை இருக்க விடுவினம்."

"விடுவினம். விட்டிட்டு அடுத்த வருசம், இப்ப செருப்புப் போட்டுக்கொண்டுதானே வந்தனாங்கள், கப் எங்கை எண்டு கேப்பினம். அப்ப என்னத்தைச் சொல்லுவியள்?"

அவரே தொடர்ந்தார்.

"அங்கை அவையளுக்குக் கிழமையிலை மூண்டு நாள் பயிற்சி. வெளியிலை இருக்கிற மாத்து ஆக்களே ஒரு ரீம் வரும். எங்களுக்கு வியாழன் ஒண்டு. நல்லா வாற பெடியன் அடுத்த வருசம் இஞ்சை இருக்கமாட்டான். உதைச் சொல்லுங்கோ. மாதாவின்ரை தலையிலை போடாதேங்கோ."

"உதைச் சொன்னால் ஒருத்தரும் கேக்க மாட்டினம்."

"அப்ப போறன். பொய்க் காரணத்தை வைச்சுக்கொண்டு இருக்கிறதிலும் அது சுகம்."

சிஞ்ஞோரே கழுத்தைத் திருப்பி, என்ன பிரச்சினை என்று கேட்டார். கால்பந்து என்றார் கோச். "உன்னை மாற்றப் போகிறார்களா?" என்றார் கிழவர். "இந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்." பிறகு நிழலுக்குப் போகலாம் என்று கையைக் காட்டினார்.

வீட்டுக்கு வரும் வழியில் எனக்குக் கோச்சில் கோபம்தான் வந்தது. அவருக்கு மூன்றாம் வருடம் கிடைக்க வேண்டுமென்று நான் அலைகிறேன், அவர் என் கையில் இருந்த ஒரே சாமானையும் பறித்துவிட்டார். அவருடைய சொல்லைக் கேட்பதா, அவருடைய நன்மைக்காக அதை மீறுவதா? ஞாயிறு வரை தெரியவில்லை. பொன்னாடை வாங்கி வைத்தேன், அது செயலாளரின் கடமை.

கூட்டம் கோயில் மண்டபத்தில். அப்பாமார் ஒரு பக்கம், அம்மாமார் ஒரு பக்கம், பெடியள் சுவரோடு. கோச் கடைசி வரிசையில் இருந்தார். தலைவர் தொடங்கினார். கழகத்தின் பெருமை, ஊரில் எங்கள் பெயர், வடக்கே எங்களைப் பார்த்துச் சிரித்தது எல்லாம் சொன்னார். பிறகு, "ஐஞ்சு கோல். இதுக்கு மேலை நான் என்ன சொல்ல," என்று சொல்லி நாற்காலியில் இருந்தார். நான் எழும்ப முன்னர் ராணி அக்கா எழும்பினார்.

"ஒருத்தரும் காலைப் பற்றிக் கதைக்கேல்லை. அப்ப நான் கதைக்கிறன். மலைக்குக் கூட்டிக்கொண்டு போனது நான். தம்பி வேண்டாமெண்டு சொன்னவர். என்ரை மகன் கொப்பளத்தோடைதான் கோலுக்குள்ளை நிண்டவன்."

பிறகு ஒவ்வொருவராகக் கதைக்கத் தொடங்கினார்கள். உண்மைதான், என்ரை பெடியனுக்கும் இருந்தது. நடக்கவே கஷ்டப்பட்டவன். அப்ப அதுதான். முகங்கள் மாறுவதை மேசையில் இருந்து பார்த்தேன். ஐந்து கோலுக்கும் காரணம் கிடைத்துவிட்டது, அதில் எவருக்கும் வெட்கமில்லை. தலைவர் நல்ல மனிதர், கடைக்காரர், எங்கே முடிக்கலாம் என்று அவருக்குத் தெரியும்.

"அப்பிடியெண்டால் சரி," என்றார். "கோச் இருக்கட்டும். அடுத்த வருசம் மலை வேண்டாம். செருப்போடை போவம், கப்போடை வருவம். என்ன தங்கச்சி?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஓம் என்ற ஒரு சொல் போதும். அவருக்கு மூன்றாம் வருடம் கிடைத்துவிடும், வாங்கிய பொன்னாடையைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம், ராணி அக்காவுக்கும் மனம் ஆறும். கோச்சைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டவில்லை, கையைக் காட்டவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை அண்ணை," என்றேன். "கப் வராது."

"என்ன?"

"அடுத்த வருசமும் வராது. மலை ஏறினாலும் வராது, ஏறாட்டியும் வராது. ஆரைக் கோச்சாய்ப் போட்டாலும் வராது."

நிறுத்தினால் திரும்பத் தொடங்க முடியாது என்று தெரிந்ததால் தொடர்ந்து சொன்னேன். வியாழன் ஒரு நாள் என்பதைச் சொன்னேன். இப்போது இருக்கும் பெடியளில் மூன்று பேர் வடக்கே போகப் போகிறார்கள், ஒருவன் லண்டனுக்கு என்பதைச் சொன்னேன். அவர்களின் அம்மாமார் குனிந்துகொண்டார்கள். "எங்களுக்கு ரெண்டு கோல் போட்ட சுதனை ஆர் பழக்கினது? நீங்கள் எல்லாரும் கைதட்டினீங்கள். அவனைப் பழக்கினவர் உதிலை பின்னுக்கு இருக்கிறார்."

"அப்ப தோக்கிறதுக்கோ ஒரு கோச் வைச்சிருக்கிறம்?" என்று ஒருவர் கேட்டார். அப்பாமார் பக்கம் சிரிப்பு.

"நீங்கள் உதைக் கேக்காதேங்கோ," என்று ராணி அக்கா அந்தப் பக்கம் திரும்பினார். "வியாழக்கிழமை உங்கடை பெடியனை ஒருநாள் கொண்டுவந்து விட்டிருக்கிறியளோ? மைதானம் எந்தத் தெருவிலை எண்டு சொல்லுங்கோ பாப்பம்." இந்த முறை அம்மாமார் பக்கம் சிரிப்பு. அந்த மனிதர் தெருவின் பெயரைச் சொன்னார், பிழையான தெரு.

தலைவர் மேசையில் தட்டினார். அவருக்குக் கோபம் வரவில்லை, குழம்பித்தான் போயிருந்தார். "சரி தங்கச்சி. கப் இல்லை. அப்ப நாங்கள் எதை எதிர்பாக்கிறது? சனத்துக்கு ஏதாவது சொல்ல வேணுமெல்லோ."

அது நியாயமான கேள்வி. அதற்கு நான் தயாராக வரவில்லை. "ஒரு வெற்றி," என்றேன். அந்த ஒன்று எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. "ஒரு ஆட்டம் வெல்லுவம். அதுக்காக இவர் இருக்க வேணும்."

"ஒண்டே ஒண்டோ?"

"ஒண்டு."

கையுயர்த்தச் சொன்னார்கள். அம்மாமார் பக்கம் அநேகமாக எல்லாக் கையும் மேலே போனது. அப்பாமார் பக்கம் அங்கொன்றும் இங்கொன்றும். அது போதுமாக இருந்தது. கடைசியில் தலைவரும், இனி எண்ணத் தேவையில்லை என்று தெரிந்த பிறகு, தன் கையைத் தூக்கினார். என் கணவர் தூக்கவில்லை. வீட்டுக்குப் போகும்போது கேட்டேன். "நான் தூக்கியிருந்தால் மனுசிக்காண்டித் தூக்கினவன் எண்டு சொல்லுவினம்," என்றார். "அது உனக்குத்தான் நட்டம்."

அதற்கு முதல், மண்டபத்துக்கு வெளியே கோச் எனக்காக நின்றார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"கப் வராது எண்டு சொன்னது சரி தங்கச்சி. அதை இந்தக் கழகத்திலை ஒருத்தரும் சொன்னதில்லை. ஆனால் ஒரு வெற்றி எண்டு சொல்லியிருக்கக் கூடாது."

"ஏன் அண்ணை? ஒண்டு பெரிசோ?"

"உங்களுக்குச் சின்னன். இனி அந்த ஒண்டை நாங்கள் எடுக்க வேணுமெல்லோ."

அந்த வருடம் முழுவதும் அது என்னைப் பிடித்துக்கொண்டது. முன்பு நான் வியாழக்கிழமைகளில் எப்போதாவது போவேன். அந்த வருடம் தவறாமல் போனேன், போய் ஒன்றும் செய்வதற்கில்லாவிட்டாலும். பெடியளுக்கும் தெரிந்துவிட்டது. "அக்கா, ஒண்டு தானே? நாங்கள் ரெண்டு எடுக்கிறம்," என்று ஒருவன் சொல்வான். கோச் அவனை மைதானத்தைச் சுற்றி ஓட விடுவார். கப் என்று கேட்டபோது அது எல்லாருக்கும் ஒரு கதைதான், கிடைக்காது என்று உள்ளுக்குள் தெரியும். ஒன்று என்பது கிடைக்கக்கூடியது. கிடைக்கக்கூடியது கிடைக்காமல் போனால் சாக்குச் சொல்ல முடியாது. நான் ஏதோ குறைத்துக் கேட்டேன் என்று நினைத்திருந்தேன்.

ஓகஸ்டில் வடக்கே போனோம், எல்லாரும் சப்பாத்தோடு. முதல் சுற்றில் ஒவ்வொரு அணிக்கும் மூன்று ஆட்டம். முதலாவது தோற்றோம். இரண்டாவது ஆட்டத்தில் கடைசி நிமிடம் வரை ஒன்றுக்கு ஒன்று, பிறகு ஒரு கோல் விழுந்து தோற்றோம். அத்தோடு சுற்றுப்போட்டியில் எங்கள் கதை முடிந்தது. மிச்சமிருந்த ஒரு ஆட்டத்தில் வென்றாலும் தோற்றாலும் எங்களுக்கு இடமில்லை. முன்பென்றால் அந்த ஆட்டத்துக்குப் பாதிப் பேர் வரமாட்டார்கள், கடைக்குப் போய்விடுவார்கள். அன்று எல்லாரும் வேலியோடு நின்றார்கள். எனக்கு அப்போது இரண்டாவது வயிற்றில். ராணி அக்கா என்னை இருக்கச் சொல்லி ஒரு நாற்காலி கொண்டுவந்து வைத்தார், நான் இருக்கவில்லை.

முதல் பாதியில் ஒரு கோல் போட்டோம். எப்படிப் போட்டோம் என்று என்னிடம் கேட்காதீர்கள், நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, கோச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு முழு இரண்டாம் பாதியும் அவர்கள் எங்கள் கோலடியில்தான் நின்றார்கள். ராணி அக்கா மகனைப் பார்க்க முடியாமல் வேறு பக்கம் திரும்பி நின்று, "இப்ப என்ன? இப்ப என்ன?" என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார். பந்து ஒருமுறை கம்பத்தில் பட்டுத் திரும்பியது. தலைவர் வேலியைப் பிடித்தபடி ஒன்றும் கதைக்காமல் நின்றார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. விசில் ஊதியபோது அதே ஒன்றுக்குப் பூச்சியம்.

சத்தமெல்லாம் ஓய்ந்த பிறகு கோச் வேலிக்கு வந்தார். சேட்டு முழுக்க நனைந்திருந்தது. நான் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, "கணக்குச் சரிதானே தங்கச்சி?" என்றார்.

"ஓம் அண்ணை," என்றேன். அவர் போத்தலைத் திருப்பித் தந்துவிட்டு, வாளியோடு கூம்புகளைப் பொறுக்கப் போனார். இரண்டு கூம்பு வாளிக்கு வெளியே விழுந்ததை அவர் கவனிக்கவில்லை. நாற்பத்தைந்து நிமிடம் அவர் கோட்டோரம் இருக்காமல் நின்றிருக்கிறார், நான் ஒரு கூட்டத்தில் யோசிக்காமல் சொன்ன ஒரு சொல்லுக்காக.

இப்போது அந்த வேலை உங்களுடையது. அடுத்த பொதுக்கூட்டத்தில் தலைவர் உங்களையும் கேட்பார், இந்த முறை எதை எதிர்பார்க்கலாம் என்று. கப் என்று சொல்லாதீர்கள். ஒன்றுமில்லை என்றும் சொல்லாதீர்கள், சனம் அதை நம்பாது, பெடியளும் நம்பக்கூடாது. நான் சொன்னது சரியா என்று இன்னும் எனக்குத் தெரியாது. வென்றதால் சரி என்று ஆகாது. பந்து கம்பத்தில் படாமல் உள்ளே போயிருந்தால் நான் இதை வேறு மாதிரி எழுதியிருப்பேன். இந்த வருடமும் இருப்பதாகக் கோச் ஒப்புக்கொண்டிருக்கிறார். நான் உங்கள் இடத்தில் இருந்தால் திரும்பவும் ஒரு எண்ணைத்தான் சொல்வேன். ஆனால் கூட்டத்துக்கு முந்திய வியாழக்கிழமை மைதானத்துக்குப் போய், எத்தனை என்று அவரிடம் முதலில் கேட்பேன்.